ஏழு மான்குட்டிகளும் உதவப் போன பன்றியும்

“பசியில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்தால், தூக்குவதற்கு முன்னால்…” என்று ஏரியில் இருந்த கிழட்டு ஆமை ஒன்று அடிக்கடி சொல்லும். முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அது சொல்லித்தான் இருக்கும். ஆமை போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. மீதிப் பாதி யாருக்கும் நினைவில்லை.

அந்த ஏரிக்குப் பக்கத்தில் அகலமான ஒரு மணலாறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஏரிக்காடு. இங்கே எப்போதும் தண்ணீர், எப்போதும் பச்சை. அந்தப் பக்கம் மேட்டுக்காடு. அங்கே இரண்டு வருடமாக மழை இல்லை. புல்லெல்லாம் காய்ந்து கம்பி கம்பியாக நின்றது. ஒளிய இடமில்லாத அந்த மணலைத் தாண்டி ஏரிக்கு வர அங்கிருந்த மான்கள் பயப்படும்.

ஒரு நாள், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவையான நாமக்கோழி ஒன்று மேட்டுக்காட்டின் மேலாகப் பறந்து ஏரிக்குத் திரும்பியது. கரையில் இறங்கியதும் இறங்காததுமாகக் கத்தியது.

“எல்லாரும் வாங்க! என் நெஞ்சே வெடிச்சுடும் போல இருக்கு! மேட்டுக்காட்டுல மான்குட்டிங்க தனியாக் கிடக்குதுங்க. ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, ஏழு! பக்கத்துல ஒரு தாய்கூட இல்ல!”

“அடப் பாவமே! தாய்ங்க எங்கே?” என்றது எருமை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் கன்று பிறந்திருந்தது.

“செத்திருக்கும். இல்லேன்னா விட்டுட்டு ஓடியிருக்கும். பெத்தவ உயிரோட இருந்தா இப்படிப் போட்டுட்டுப் போவாளா?”

“இறங்கிப் பார்த்தீங்களா?” என்று ஒரு காட்டுப்பன்றி கேட்டது. குட்டையாக, உருண்டையாக இருக்கும். எல்லாரும் அதைக் கட்டையன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நல்லாக் கேட்டே போ! மேலே இருந்து பார்த்தாலே தெரியுதே. இறங்கி வேற பார்க்கணுமா? இங்கே நின்னு கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தா அங்கே குட்டிங்க செத்துடும்!”

பன்றிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்கு இளகிய மனசு. மறுநாள் காலையில் முதல் ஆளாக அதுவே ஆற்றைத் தாண்டியது. நாமக்கோழி மேலே பறந்து இடம் காட்டியது. பன்றி ஒவ்வொரு புதராகப் புகுந்து, அசையாமல் சுருண்டு கிடந்த குட்டிகளை மூக்கால் நெட்டி எழுப்பி, நெட்டி நெட்டியே மணலில் நடத்திக்கொண்டு வந்தது. ஒரு குட்டிகூட வாய் திறக்கவில்லை. “பாவம், கத்தக்கூடத் தெம்பில்ல!” என்றது நாமக்கோழி.

நாவல் மரத்தடியில் குட்டிகளுக்கு இடம் கொடுத்தார்கள். எருமை பால் கொடுத்தது. வாத்துகள் பாசி கொண்டு வந்தன. காலையும் மாலையும் ஏரிக்காடே வந்து பார்த்துவிட்டுப் போனது.

“அந்தக் கடைசிக் குட்டி கண்ணைப் பாரேன்!”

“எனக்கு இந்தக் குட்டி. இதுக்கு நான்தான் ஊட்டுவேன்!”

நாமக்கோழி குட்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்தது. “இப்படி நில்லுங்க. வர்றவங்களைப் பார்த்துத் தலையை ஆட்டுங்க. அடுத்த வாரம் வடக்கு ஏரிக் கொக்குங்க வேற வர்றாங்க!”

இரண்டாம் நாளே எல்லாவற்றிலும் சின்னக் குட்டிக்குக் கழிச்சல் கண்டது. எருமைப் பால் கெட்டியான பால். பிறந்து நான்கு நாளான மான்குட்டிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அது எழுந்து நிற்கவில்லை. வயிறு முதுகோடு ஒட்டிவிட்டது.

பன்றி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. உச்சி வெயில் நேரம். செத்தது போலக் கிடந்த குட்டி திடீரென்று தலையைத் தூக்கியது. இரண்டு காதுகளும் மணலாற்றின் பக்கம் திரும்பின. நேற்றும் இதே நேரத்தில் அது இப்படித்தான் செய்தது.

“அங்கே என்னடா பார்க்கிறே?”

“அம்மா வர்ற நேரம், மாமா.”

பன்றி குட்டியின் பக்கம் குனிந்தது. “உனக்கு அம்மா இருக்காளா?”

“இருக்காளே! தண்ணி குடிக்கப் போயிருக்கா. ரொம்ப தூரம். காலையில போனா உச்சி வெயிலுக்குத்தான் வருவா. வந்து பால் கொடுப்பா.”

“இதை ஏன்டா அன்னைக்கே சொல்லல?”

“அசையாதே, சத்தம் போடாதேன்னு அம்மா சொல்லிட்டுப் போனா. நான் சத்தம் போடல.” குட்டியின் குரல் அடங்கியது. “ஆனா அசைஞ்சுட்டேன். அம்மா திட்டுவாளா, மாமா?”

காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசியது. அதில் ஒரு சத்தம் வந்தது. ஒரு தாய்மான் கத்திக்கொண்டிருந்தது. கரகரத்த குரல். பட்டப்பகலில் எந்த மானும் அப்படிக் கத்தாது. கத்தினால் தான் இருக்கும் இடம் காட்டுக்கே தெரிந்துவிடும்.

பன்றி நாமக்கோழியிடம் ஓடியது.

“தாய் இருக்கா! கத்தறது காதுல விழலையா? குட்டியைக் கொண்டுபோய் விடணும், இப்பவே!”

“உனக்கென்ன பைத்தியமா? அங்கே தண்ணி கிடையாது. நரி வேற சுத்துது. இங்கே பால் இருக்கு, நிழல் இருக்கு, பார்த்துக்க இத்தனை பேர் இருக்கோம்!”

“குட்டி செத்துக்கிட்டு இருக்கு!”

“ஏழுல ஒண்ணு அப்படித்தான் இருக்கும்” என்றது நாமக்கோழி. சொன்னதும் அதற்கே என்னவோ போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பன்றி திரும்பி ஓடியது. குட்டியை எழுப்பி, தன் விலாவில் சாய்த்துக்கொண்டு ஆற்றில் இறங்கியது.

மணல் கொதித்தது. குட்டி பத்தடி நடக்கும், நிற்கும். பத்தடி நடக்கும், விழும். பாதி ஆறு போவதற்குள் அதன் நாலு காலும் மடங்கிவிட்டன. பன்றி மூக்கால் தூக்கிப் பார்த்தது. குட்டி எழவில்லை.

“வா கட்டையா, வா! உன்னைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்!”

எதிரே மணல் திட்டின் மேல் நரி உட்கார்ந்திருந்தது.

“உனக்கு ஒரு நன்றி சொல்லணும்” என்றது நரி.

“எனக்கு எதுக்கு?”

“பின்னே! மானுங்க குட்டியை எங்கே ஒளிக்குதுன்னு மூணு வருஷமாத் தேடறேன். வாசனை வராது, சத்தம் வராது. நீ வந்தே பாரு, ஏழு புதருக்கும் ராஜபாட்டை போட்ட மாதிரி தடம்! பின்னாலேயே போனேன்.”

“அங்கேதான் குட்டிங்க இல்லையே!”

“தாய்ங்க இருக்காங்களே! காலி இடத்துல நின்னு கத்திக்கிட்டே இருக்காங்க. தண்ணிக்கும் போகல. ஓடத் தெம்பில்ல. நேத்து ஒருத்தி முடிஞ்சா.” நரி வாயை நக்கிக்கொண்டது. “இன்னைக்கு நீயே குட்டியையும் கொண்டு வந்துட்டே. உன்னை மாதிரி நல்லவன் உண்டா!”

பன்றி தலையைக் குனிந்து பாய்ந்தது. நரி அசட்டையாக விலகி, வட்டம் போட்டுக் குட்டியின் பின்பக்கம் வந்து நின்றது. பன்றி அலறியடித்துத் திரும்பி ஓடி வந்து, குட்டியைத் தன் முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டது.

“துரத்து, துரத்து!” என்று நரி சிரித்தது. “நீ ஒரு பக்கம் வந்தா நான் மறுபக்கம் வருவேன். துரத்தாட்டியும் பரவாயில்ல. நான் உட்கார்ந்திருப்பேன். இந்த வெயிலே என் வேலையைப் பாதி முடிச்சிடும்.”

அது உண்மை. குட்டியின் நாக்கு வெளியே தொங்கிவிட்டது. மூச்சு எண்ணி எண்ணி வந்தது.

எதிர்க்கரை மேட்டில் தாய்மான் தெரிந்தது. எலும்பும் தோலுமாக நின்றது.

“வா தாயி! உன் குட்டி இங்கே இருக்கு!” என்று பன்றி கத்தியது.

தாய்மான் நகரவில்லை. “எனக்கு உன் வாசனை தெரியும்! என் புள்ளை கிடந்த இடத்துல அடிச்ச வாசனை! நீதான் தூக்கிட்டுப் போனவன்!”

“ஆமா தாயி. நான்தான்.”

“இப்ப என்னையும் கூப்பிட்டு அந்த நரிக்குக் கொடுக்கப் போறியா?”

“உன்னைக் கேட்காம எடுத்துட்டேன் தாயி. தப்புப் பண்ணிட்டேன். இப்பக் கேட்கிறேன். உனக்கு என்ன வேணும், சொல்லு!”

தாய்மான் ஒரு நொடி திகைத்து நின்றது. “தண்ணி!” என்று கத்தியது. “பக்கத்துல ஒரு வாய்த் தண்ணி இருந்தா நான் எதுக்குப் புள்ளையைப் போட்டுட்டு அரை நாள் நடக்கிறேன்? பாலு எங்கிட்ட இருக்குடா! எனக்குத் தேவை தண்ணி!”

பன்றி மூக்கை மணலில் வைத்து முகர்ந்தது. மேலே சூடு. கீழே எங்கோ ஈரம். சின்ன வயசிலிருந்து கிழங்கு தோண்டின மூக்கு அது. அதற்குத் தெரிந்த ஒரே வேலை தோண்டுவதுதான்.

“இங்கே ஊத்து இருக்கு தாயி! ஆனா தோண்டணும்னா நான் தலையைக் குனியணும். குனிஞ்சா நரியைப் பார்க்க முடியாது. நீ வந்து குட்டிகிட்ட நிக்கணும். எனக்கு நீ கண்ணா இருக்கணும்!”

“நம்பாதே!” என்றது நரி. “உன் குட்டியைத் திருடினவன் அவன்!”

தாய்மான் நரியைப் பார்த்தது. பன்றியைப் பார்த்தது. கரைச் சரிவில் தடுமாறி இறங்கியது. நேராக வந்து குட்டியின் மேல் நான்கு காலையும் அகட்டி வைத்து நின்றது.

பன்றி தோண்டியது. மணல் இரண்டு பக்கமும் பறந்தது. முழங்கால் ஆழம். தோள் ஆழம். மணல் சரிந்து சரிந்து குழியை மூடியது. மறுபடி தோண்டியது. தலை முழுக்கக் குழிக்குள் போய்விட்டது.

நரி எழுந்தது. சத்தமில்லாமல் ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி.

“கட்டையா, இடப்பக்கம்!” என்று தாய்மான் கத்தியது.

பன்றி குழிக்குள்ளிருந்து அப்படியே இடப்பக்கமாகத் தலையை வீசியது. பாய்ந்து வந்த நரியின் தொடையைக் கோரைப்பல் கிழித்தது. நரி ஊளையிட்டுக்கொண்டு உருண்டது. பிறகு மூன்று காலில் நொண்டி நொண்டி மேட்டுக்காட்டுக்குள் ஓடி மறைந்தது.

குழியின் அடியில் மணல் கறுத்தது. கறுத்த இடத்தில் தண்ணீர் கசிந்தது.

தாய்மான் குடித்தது. நிமிராமல் குடித்தது. பிறகு நனைந்த வாயால் குட்டியின் முகத்தை நக்கியது. குட்டி கண்ணைத் திறந்து மடியைத் தேடியது. முதலில் வெறும் மடி. குட்டி முட்டி முட்டி இழுத்தது. பன்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வெகு நேரம் கழித்து, குட்டியின் தொண்டையில் பால் இறங்குகிற சத்தம் கேட்டது.

அன்று மாலைக்குள் பன்றி ஏரிக்கு ஓடி எல்லாவற்றையும் சொன்னது. எருமை துள்ளி எழுந்தது. “பெத்தவ இருக்காளா? இதை ஏன்யா முன்னாடியே எவனும் சொல்லல? என் கன்னுக்குட்டியைக் கேட்காம எவனாவது தூக்கினா நான் சும்மா விடுவேனா!” என்று கத்திக்கொண்டே மீதி ஆறு குட்டிகளையும் அதுவே கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியது.

ஊற்றின் பக்கத்தில் தாய்மான்கள் காத்திருந்தன. ஐந்து வந்திருந்தன. ஐந்து குட்டிகள் ஓடின. ஆறாவது குட்டி ஒவ்வொரு மானாக முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மணலில் நின்றது. பன்றி தலையைக் குனிந்துகொண்டது.

முதலில் வந்த தாய்மான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. “இவ அம்மா என் கூடப் பிறந்தவ. வாடி, இந்தப் பக்கம் வந்து குடி” என்றது.

பன்றி திரும்பி வந்தபோது நாமக்கோழி கரையில் காத்திருந்தது.

“நான் கெட்டதா எதுவும் நினைக்கலையே, கட்டையா!”

“தெரியும். நானும்தான் நினைக்கல.”

“சரி, போகட்டும். கொக்குங்க வந்தா நான் எதைக் காட்டுவேன்?”

“ஊத்தைக் காட்டுங்க.”

“ஒரு குழியை யாரு பார்ப்பாங்க? அதுவும் ராத்திரிக் காத்துல மணல் சரிஞ்சு மூடிடும். காலையில பார்த்தா குழியே இருக்காது! தினமும் யாரு போய்த் தோண்டறது? மழை எப்ப வருமோ!”

பன்றி ஆற்றைத் திரும்பிப் பார்த்தது. அதன் மூக்கு முழுக்கக் கொப்புளம்.

எங்கோ வாடும் ஒரு பிள்ளைக்கு உதவ நினைக்கிறவர், அதைப் பெற்றவளிடம் என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். அவள் கேட்டதைத் தன்னால் ஆன மட்டும் விடாமல் செய்ய வேண்டும்.

மழை வரும்வரை தினமும் விடிவதற்குள் போய் ஊற்றைத் தோண்டிவிட்டு வருவது என்று பன்றி முடிவு செய்தது.