செவத்தி நண்டும் ஊத்தப்ப மேகமும்

நாணல் ஏரியின் தென்கரைச் சேற்றில் செவத்தி நண்டு குடியிருந்தாள். படக்கதை போடுவது அவள் தொழில்.

பங்குனி பிறந்துவிட்டால் ஏரித் தண்ணீர் தினமும் ஒரு சாண் உள்வாங்கும். விடிந்து பார்த்தால், அப்போதுதான் மெழுகிவிட்ட தரை மாதிரி ஈரச் சேறு பளபளவென்று கிடக்கும். ஏரி தினம் ஒரு புதுத் தாளை விரித்துக் கொடுக்கிறது என்று செவத்தி நினைத்துக்கொள்வாள். கொடுக்கின் நுனியால் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு படம் போடுவாள். ஒரு கட்டத்தில் முயல் மாமரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும். அடுத்த கட்டத்தில் அதன் நெற்றி வீங்கியிருக்கும். அவ்வளவுதான் கதை. அதற்கே கரையில் சிரிப்பு அடங்க நேரமாகும்.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் வயல் வரப்பு போலக் கொஞ்சம் இடத்தை வெறுமனே விட்டு வைப்பாள். படிக்க வருகிறவர்கள் அந்த வரப்பு வழியாகத்தான் நடக்க வேண்டும். கட்டத்துக்குள் யாராவது கால் வைத்துவிட்டால், எட்டுக் காலிலும் நிமிர்ந்து நின்றுகொண்டு சண்டைக்கு வருவாள்.

ஒரு நாள் காலையில் ஓடையப்பன் ஆமை கரையேறி வந்தார். செவத்தியின் பாட்டி பிறப்பதற்கு முன்பே இந்த ஏரியில் இருந்தவர். வந்தவர் படங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, தனக்கும் இதைக் கற்றுத் தர முடியுமா என்று கேட்டார்.

"இந்த வயசுலயா பெரியப்பா?"

"தெனமும் ஒரே பாறை மேல வெயில் காயறேன் தாயி. காயும்போது என்னென்னவோ கனா வருது. தலைய உள்ள இழுத்தா அதுவும் கூடவே உள்ள வந்துடுது. எங்கயாவது எறக்கி வெக்கணும்ல?"

செவத்திக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே பாடம் தொடங்கிவிட்டது. ஓடையப்பனும் அன்றிலிருந்து அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிடத் தொடங்கினார்.

முகம் வரைய இரண்டு புள்ளியும் ஒரு கோடும் போதும் என்று சொல்லிக் கொடுத்தாள். ஆழமாகக் கீறினால் அடியிலிருந்து தண்ணீர் ஊறி, படம் தானாக அழும் என்றும் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய ஓடையப்பன், வரப்பில் மட்டும் ஏன் எதுவும் வரைவதில்லை என்று கேட்டார்.

"அது படிக்கிறவங்க எடம். மாங்கா விழறத நான் வரையவே இல்லையே, பாத்தீங்களா? வரப்புல நடக்கும்போது அவங்க மனசுக்குள்ள அது விழுது. அதையும் நானே வரைஞ்சுட்டா, அப்புறம் அவங்களுக்கு என்ன வேலை?"

ஓடையப்பன் அந்த வரப்பில் முதலிலிருந்து இன்னொரு தடவை நடந்து பார்த்தார்.

அவர் படம் வரைந்தால் நேர்கோடு வராது. கை நகம் தடிமன். வரைந்துவிட்டுத் திரும்பினால் வால் வேறு இழுபட்டு, எல்லாப் படத்துக்கும் பின்னால் ஒரு நெளிகோடு விழும். ஆனாலும் பத்தே நாளில் அவர் போட்ட தவளை தவளையாகவும், கொக்கு ஏறக்குறையக் கொக்காகவும் தெரிந்தன. இனி இருவரும் சேர்ந்தே ஒரு பெரிய கதை போடலாம் என்றாள் செவத்தி. ஒரு கட்டம் அவள், அடுத்த கட்டம் அவர். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளக் கூடாது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இதுதான் சட்டம்.

முதல் கட்டத்தில் செவத்தி ஒரு வெள்ளை மேகத்தை வரைந்தாள். தாகம் தாங்காமல் அது ஏரிக்கு இறங்கி வருகிறது. அடுத்த கட்டத்தில் ஓடையப்பன் அந்த மேகத்தைத் தண்ணீர் குடிக்க வைத்தார். குடித்துக் குடித்து மேகம் தட்டையாக, அகலமாக, உடம்பெல்லாம் ஓட்டையாகக் கரையில் பரவிக் கிடந்தது. கூடவே ஒரு வால்.

ஊருக்குள் அடுப்படி அடுப்படியாகப் புகுந்து வரும் கீரி அதைப் பார்த்துவிட்டு, "மேகமா இது? ஊத்தப்பம்!" என்றது.

கரையே சிரித்தது. ஓடையப்பனும் சிரித்தார். மறுநாள் ஊத்தப்பத்தைப் பார்க்கவென்றே அக்கரையிலிருந்து மயில்கள் வந்தன. வயிறு முட்டக் குடித்த மேகம் மேலே ஏற முடியாமல் தவித்தது. கொக்கின் முதுகில் ஏறப் பார்த்தது. கொக்கு உட்கார்ந்துவிட்டது. பனைமரத்தைப் பிடித்து ஏறப் பார்த்தது. பனை வளைந்துவிட்டது. கதை தினமும் ஆளுக்கொரு கட்டமாக நகர்ந்தது. படித்தவர்கள் எல்லாம் வரப்பிலேயே நின்று, ஆகாயத்தைப் பார்த்துக் கண் சொக்கினார்கள்.

அப்போதுதான் கோரையம்மா வந்தாள். கோரைக் கிழங்கு தோண்டித் தின்னும் காட்டுப்பன்றி அவள். பின்னால் ஏழு குட்டிகள்.

கோரையம்மா பொல்லாதவள் இல்லை. சேற்றில் காலை வைக்காமல், ஓரமாக நின்றுதான் பேசினாள். மேற்குக் கரையில் அவர்கள் புரளும் பள்ளத்தில் பாதிக்குப் பாதி பாறை. ஒரு நேரத்தில் மூன்று பேருக்குத்தான் இடம். வெயிலும் ஈக்கடியும் சேர்ந்து குட்டிகளின் முதுகுத் தோல் வெடித்துக் கிடந்தது. இவ்வளவு சேறு இங்கே சும்மா கிடக்கிறதே, பிள்ளைகள் புரண்டுகொள்ளட்டுமே என்று கேட்டாள்.

செவத்தி அவர்களை எண்ணிப் பார்த்தாள். எட்டுப் பன்றிகள் ஒரே ஒரு தடவை புரண்டால் போதும். கட்டம், வரப்பு, அவள் வளை எல்லாம் அரைத்த மாவாகிவிடும். அவள் வாய் திறப்பதற்குள் கடைக்குட்டி சுண்டு எப்படியோ வரப்பில் இறங்கி நடந்துகொண்டிருந்தான். ஊத்தப்ப மேகத்தின் முன்னால் நின்றான். சிரித்தான். சிரித்துச் சிரித்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு கடைசிக் கட்டம் வரை ஓடிப் போய், அதற்கப்பால் வெறும் சேறு கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்புறம்?"

"அப்புறம் நாளைக்கு" என்றார் ஓடையப்பன்.

கோரையம்மா மகனைப் பார்த்தாள். வெயில் ஏறின நாளிலிருந்து இந்தப் பிள்ளை சிரிக்கவே இல்லை என்றாள். பிறகு ஒரு முடிவு சொன்னாள். "இவன் அப்புறம் அப்புறம்னு கேக்குற வரைக்கும் நாங்க பாறைக் குழியிலயே சமாளிச்சுக்கறோம். கேக்காத அன்னிக்கு எறங்கிடுவோம். அப்ப என்னைய நொந்துக்கக் கூடாது, நண்டம்மா."

நியாயமான பேச்சுதான். ஆனால் அன்றிலிருந்து செவத்திக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. சுண்டுவுக்குக் கதை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமே! படம் ஒன்றுகூடச் சோடை போகக் கூடாதே! அவள் கண் நேராக ஓடையப்பனின் கட்டங்கள் மேல் போயிற்று. கோடு கோணல், வட்டம் கோணல், போதாததற்கு வால் வேறு.

உச்சி வெயிலில் ஓடையப்பன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்குவார். அந்த நேரம் பார்த்து செவத்தி அவருடைய கட்டத்துக்குள் இறங்கினாள். கோடுகளை நேர்ப்படுத்தினாள். ஓட்டைகளை மெழுகினாள். பிள்ளைக்குத் தலை வாரி வகிடு எடுத்து விடுவது போல அந்த மேகத்தை அழகுபடுத்திவிட்டு, வால் கோட்டையும் அழித்துவிட்டு வந்தாள்.

ஓடையப்பன் விழித்து வந்து பார்த்தார். பாறைக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நாலாம் நாள் அவரே நேர்கோடாக வரைந்தார். ஒவ்வொரு கோடும் இழுத்துவிட்டுச் செவத்தியின் முகத்தைப் பார்த்தார். வாலைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் படாமல் கஷ்டப்பட்டுத் திரும்பினார். மேகம் பஞ்சு போல அத்தனை அழகாக இருந்தது. எந்தக் கட்டம் யாருடையது என்றே தெரியவில்லை. தேர்ந்த கை என்று மயில்கள் பாராட்டின.

சுண்டு வந்தான். வரப்பில் நடந்தான். கடைசிக் கட்டத்தைப் பார்த்தான். ஒரு கொட்டாவி விட்டான். அம்மாவின் வயிற்றுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

கோரையம்மாவுக்கே சங்கடமாக இருந்தது. "நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன். அதோட சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செவத்தி நேரே பாறைக்குப் போனாள். இப்படி ஆகிவிட்டதே, நாளைக்குக் கடைசிக் கட்டம் உங்களுடையதாயிற்றே, கனவெல்லாம் எங்கே போயிற்று என்று படபடத்தாள். ஓடையப்பன் உள்ளிருந்து மெதுவாகத் தலையை நீட்டினார்.

"கனா வருது தாயி. எறக்கி வெக்கத்தான் எடமில்ல. நான் வரைஞ்ச மேகம் இருந்த எடத்துல, முழிச்சுப் பாத்தா ஒங்க மேகம் இருக்கு. நம்முது சரியில்ல போலன்னு நானும் ஒங்களதையே வரையப் பழகிட்டேன்." அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "படிக்கிறவங்களுக்கெல்லாம் வரப்பு விட்டீங்க, வாத்தியாரம்மா. எனக்கு விடலையே."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் செவத்தி சண்டை போட்டிருப்பாள். அது இல்லை. அவளுக்குக் கண்கள் இரண்டும் உள்ளே போய்விட்டன. மறுபடி அவற்றை வெளியே நீட்டி, "தப்பு என்னுது பெரியப்பா. நாளைக்கு நான் பாக்கவே மாட்டேன்" என்றாள்.

விடிந்தது. ஏரி இன்னும் ஒரு சாண் விலகி, புதுச் சேறு மினுமினுத்தது. செவத்தி தன் கட்டத்தில் மேகத்தை ஏரிக்கரையில் உட்கார வைத்தாள். குடித்த தண்ணீரின் பாரத்தில் அதற்கு நகர முடியவில்லை. அத்தோடு நிறுத்தினாள். பிறகு வளைக்குள் போய், வாசலை உள்ளிருந்து சேறு வைத்து அடைத்துக்கொண்டாள்.

இருட்டில் காது மட்டும்தான். மேலே நகம் கீறும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அப்புறம் சரசரவென்று வால் இழுபடும் சத்தம். அவள் ஒரு கொடுக்கை இன்னொரு கொடுக்கால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியே கண் சொருகியது. வளை முழுக்க யாரோ மிதப்பது போலவும், மண்ணுக்கடியிலேயே வானம் இருப்பது போலவும் அவளுக்குத் தோன்றியது.

கெக்கெக்கே என்ற சிரிப்புச் சத்தத்தில்தான் விழித்தாள். அடைப்பைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

சுண்டு வரப்பில் விழுந்து உருண்டுகொண்டிருந்தான். ஓடையப்பனின் கட்டத்தில் அந்தப் பழைய ஊத்தப்ப மேகம், ஓட்டைகளோடு திரும்பி வந்திருந்தது. அதற்கு நாலு கால் முளைத்திருந்தது. நாலையும் வானத்தைப் பார்த்து உதைத்துக்கொண்டு, அது சேற்றில் மல்லாந்து புரண்டுகொண்டிருந்தது. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சியடித்தது. குடித்த பாரமெல்லாம் வடிகிறது. உடம்பெல்லாம் சேறு அப்பி, மேகம் கன்னங்கரேலென்று ஆகிக்கொண்டிருந்தது. பின்னால் வால் கோடு நெளிநெளியாக மேலே ஏறியது.

"அம்மா, அது நம்மள மாதிரியே பொரளுது! அப்புறம்?" என்றான் சுண்டு.

கோரையம்மாவும் குனிந்து பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவள் மூக்கு துடித்தது. "ஆமா, அப்புறம்?" என்றாள் அவளும்.

செவத்தியின் காதில் அது விழவே இல்லை. தன் வளை பிழைத்ததுகூட அவளுக்கு அப்போது நினைவில்லை. கண்ணை எடுக்காமல் படத்தைப் பார்த்தபடி, ஓடையப்பனிடம் ஒரு குழந்தையைப் போலக் கேட்டாள்: "அப்புறம் பெரியப்பா?"

"அடுத்த கட்டம் ஒங்களது, வாத்தியாரம்மா" என்றார் அவர்.

அவள் மறுநாள் கரிய மேகத்தைப் பறக்கவிட்டாள். வால் கோட்டை அழிக்காமல், அதையே பிடித்து மேகம் ஏறுகிற கயிறாக ஆக்கிக்கொண்டாள். அதன்பின் தினமும் ஆளுக்கொரு கட்டம், ஒரு சிரிப்பு, ஓர் 'அப்புறம்'. சுண்டு கேட்டுக்கொண்டே இருந்தான். கோரையம்மா பாறைக் குழியிலேயே பிள்ளைகளை மூன்று மூன்று பேராகப் புரட்டி எடுத்தாள்.

கோடை முடியும் தறுவாயில் ஒரு மத்தியானம் மேற்கே ஒரு மேகம் வந்தது. கருப்பாக, தட்டையாக இருந்தது. அங்கங்கே ஓட்டை வழியாக வெயில் ஒழுகியது. பின்னால் ஒரு வால் மாதிரி ஏதோ நீண்டிருந்தது. சேற்றில் புரண்டதால்தான் மழைமேகம் கருப்பு என்று நாணல் ஏரிக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அன்று பெய்த மழையில் கட்டங்கள் கரைந்தன. காடெல்லாம் சேறாயிற்று. ஏழு குட்டிகளும் வேண்டிய இடத்தில் புரண்டன. நண்டும் ஆமையும் நனைந்துகொண்டே, அடுத்த பங்குனியில் முதல் கட்டம் யாருடையது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

சேர்ந்து செய்கிற வேலையில், நம் கைத்திறமையைவிட அடுத்தவர் கைக்கு நாம் விடுகிற இடமே பெரிது.