தட்டான் சொல்லாமல் விட்ட சொல்

அந்தக் காலத்தில் தட்டான் பூச்சிக்குப் பேச்சு இருந்தது. பேச்சு மட்டுமா, பருந்துக்கும் மேலே போய் வட்டமடிக்கும் தைரியமும் இருந்தது. தினமும் காலையில் மேலே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். அது சொன்ன பிறகுதான் கடற்கரை ஊர்க்காரர்கள் தோணியைத் தண்ணீரில் இறக்குவார்கள்.

ஒரு பங்குனி மாதம். பனி விலகி, ஒரு வாரமாக இதமான வெயில். அந்த வெயிலை நம்பித்தான் வடிவு தன் மகள் சேர்மக்கனிக்குக் கல்யாணம் வைத்தாள். மாப்பிள்ளை சிவணைந்தான் எதிரே இருந்த தீவுக்காரன். முகூர்த்தத்தன்று காலையில் தோணியில் வருவதாகப் பேச்சு.

அன்று மேலே போன தட்டான், தென்கிழக்கே மேகம் கருகருவென்று திரள்வதைப் பார்த்தது. பதறியடித்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வந்தது.

"அக்கா, வானம்..."

"ஏய், நிறுத்து!" என்றாள் வடிவு. "பந்தக்கால் நட்ட வீட்டுல அபசகுனமா வாயத் தொறக்காத. நல்ல வார்த்தையா இருந்தா சொல்லு."

தட்டானுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஊரே கொண்டாடும் தன்னை இப்படி விரட்டிவிட்டாளே என்று ரோஷம் வேறு. இருந்தாலும் மனசு கேட்காமல் தீவுக்குப் பறந்தது. அங்கே சிவணைந்தான் தோணியில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன தட்டான், கெளம்பலாமா?"

அவன் முகத்தில் அவ்வளவு சிரிப்பு. இன்னொரு தடவை ஏச்சு வாங்கத் தட்டானுக்குத் துணிவில்லை.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை. கெளம்புங்க" என்றது. மேகம் வருவதற்குள் கரை சேர்ந்துவிடுவான் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டது.

சேரவில்லை. பாதி வழியில் சூறைக்காற்று தோணியைப் புரட்டிப் போட்டது. மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல வெயில் இதமாக அடித்தது. கரையில் ஒதுங்கியது மாவிலைத் தோரணம் மட்டும்தான்.

சேர்மக்கனி அதைக் கையில் எடுத்துக்கொண்டு தட்டானிடம் வந்தாள்.

"நீ மேகத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பெறகு ஏன் சொல்லல?"

"பந்தக்கால் நட்டிருந்துச்சே, தாயி..."

"ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தா அவுக இருந்திருப்பாகளே!"

தட்டான் பதில் சொல்ல வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. பாவம், அப்புறம் வரவே இல்லை.

அன்று முதல்தான் தட்டான் ஊமையாயிற்று. அன்று முதல்தான் மழைக்கு முன்னால் அது உயரத்தை விட்டு இறங்கி, நம் முகத்துக்கு நேரே தாழப் பறந்து பறந்து எதையோ சொல்லப் பார்க்கிறது. பந்தக்கால் நட்ட வீடென்றாலும் நிற்பதில்லை, உள்ளே வந்துவிடுகிறது.