சேற்றில் ஒரு தடம்

தணிகாசலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

குருவின் பெயர் மெய்யம்மை. காரைக்குடியில் ஒரு மாடி அறையில் நாலைந்து பேருக்குக் கண்ணை மூடிச் சும்மா உட்காரக் கற்றுக்கொடுப்பவர். வருஷத்துக்கு ஒருமுறை அறையைப் பூட்டிவிட்டு, சைக்கிளோடு ஏதாவது ஒரு தேசத்துக்குக் கிளம்பிவிடுவார். மனைவி விசாலம் இறந்தபிறகு அந்த அறைக்கு வரத் தொடங்கியவர் தணிகாசலம். இந்த வருஷம் தானும் வருவதாகச் சொன்னார்.

"வாங்க," என்றார் மெய்யம்மை. "ஆனா சேர்ந்து ஓட்ட முடியாது. ஒரே ரோடுதான். நீங்க தனி, நான் தனி. பொழுது சாய, தங்குற எடத்துல பார்த்துக்கலாம்."

அப்படித்தான் இருவரும் கிர்கிஸ்தான் மலைகளுக்குள் வந்தார்கள். காலையில் மெய்யம்மை முதலில் கிளம்புவார். சற்று நேரம் விட்டுத் தணிகாசலம். பகல் முழுக்க ஒருவர் கண்ணில் ஒருவர் படமாட்டார்கள். ஆனாலும், முன்னால் அவர் போகிறார் என்ற நினைப்பே தணிகாசலத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு சாயங்காலம், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் தங்கியிருந்தபோது மெய்யம்மை சொன்னார்.

"நாளைக்குப் போய்ச் சேர்ற ஊர்லேருந்து நான் பஸ் ஏறித் திரும்பிடுவேன். அதுக்கப்புறம் கடைசியில இருக்குற ஏரி வரைக்கும் நீங்க தனியாப் போகணும்."

இது முன்பே பேசிவைத்ததுதான். இருந்தும் தணிகாசலம் கேட்டார்.

"முன்னாடி யாருமே இல்லாம நான் எப்படிம்மா போவேன்?"

மெய்யம்மை ஒரு போர்வையை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"படுங்க ஐயா. காலையில குளிரும்."

இரவில் மழை பெய்தது. விடிந்து அவர் எழுந்து வந்தபோது, சுவரோரம் குருவின் சைக்கிளைக் காணவில்லை.

அவரும் கிளம்பினார். ஊர் எல்லை தாண்டியதும் தார் ரோடு முடிந்து மண்பாதை வந்தது. சேற்றில் ஒரு சைக்கிள் தடம் நேராகப் போயிருந்தது. இப்போதுதான் போனதுபோல அவ்வளவு புதிதாக.

"அம்மா போயிட்டாங்க," என்று சொல்லிக்கொண்டார். மிதி லேசானது.

பாதை மலைமேல் ஏறியது. ஓரிடத்தில் தடம் தள்ளாடி, அதன் பக்கத்தில் செருப்புக்கால் சுவடு தொடங்கியது. குருவும் இறங்கித் தள்ளியிருக்கிறார். அதைக் கண்டதும் அவருக்கு வெட்கம் போய்விட்டது. தானும் இறங்கித் தள்ளினார். ஓடை குறுக்கிட்ட இடத்தில் தடம் எங்கே தண்ணீருக்குள் இறங்கியதோ அங்கேயே இறங்கினார். முழங்கால் நனையவில்லை.

சுற்றிலும் புல், அதற்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் பனி. ஆள் நடமாட்டமே இல்லை. மலையேற்றம் முடிந்து சமதளம் வந்தபோது, அவர் தடத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார்.

"விசாலம் பிளேன்ல ஏறினதே இல்லம்மா. ஏறணும்னு ஆசைன்னும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

காற்று புல்லைச் சாய்த்துவிட்டுப் போயிற்று.

"ஆஸ்பத்திரியில கடைசி அன்னைக்கு என்னைப் பார்த்து, சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டா. சாப்பிட்டேன்னு சொன்னேன். அப்புறம் அவ பேசல."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகனிடம்கூட. மாடி அறையில் குரு எதிரே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தும் வாய் வந்ததில்லை. இப்போது தானாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசு கழுவிவிட்டதுபோல இருந்தது.

கொஞ்ச தூரத்தில் தடம் பாதையை விட்டுத் திரும்பியது. ஒற்றை வீடு ஒன்றின் முற்றம்வரை போய் நின்றது.

சுவரில் துருப்பிடித்த பழைய சைக்கிள் சாய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் பால் கேன்கள் தொங்கின. தலையில் துணி கட்டிய ஒரு பெண்மணி அவற்றைக் கழற்றிக்கொண்டிருந்தாள். டயரில் சேறு இன்னும் காயவில்லை.

தணிகாசலம் அந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இவ்வளவு நேரமும் இதனிடமா சொன்னோம்?

சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தாள். உள்ளே கூப்பிட்டு ரொட்டியும் தேநீரும் கொடுத்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. அவர் போகவேண்டிய ஊரின் பெயரைச் சொன்னார். அவள் பாதை போகும் திசையைக் காட்டினாள். பிறகு ஒரு விரலை நிமிர்த்தி, அவரைச் சுட்டி, புருவத்தை உயர்த்தினாள்.

ஒருத்தர்தானா?

நேற்றுவரை யாராவது இப்படிக் கேட்டால் அவர் இரண்டு விரல் காட்டியிருப்பார். இன்று கை எழுந்து, ஒரு விரலோடு நின்றுவிட்டது.

அவள் இன்னொரு ரொட்டியை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

மறுபடி பாதைக்கு வந்தபோது, முன்னால் மண் வெறுமையாகக் கிடந்தது. ஒரு கோடு கிடையாது. மழை அடித்து வழித்துவிட்ட மண், அவ்வளவுதான். காலையிலிருந்து அதே பாதைதான், அதே மலைதான். ஆனால் இப்போதுதான் அது எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்தது.

அம்மா எங்கே? வேறு வழியில் போனாரா? இது சரியான வழிதானா? போனில் சிக்னல் கோடுகள் செத்துக்கிடந்தன.

வெகுநேரம் மிதித்தபின் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மலைச்சரிவில் ஏறியது. மற்றொன்று ஆற்றோடு போனது. கைகாட்டிப் பலகை இல்லை. கேட்க ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தார். அந்தப் பால்காரப் பெண்ணின் வீடும் மறைந்துவிட்டது.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, பாதையோரம் உட்கார்ந்தார்.

"விசாலம்!" என்று கூப்பிட்டார்.

ஏன் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. அவளை அப்படி உரக்கக் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது. குரல் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. மலைகூடத் திருப்பிச் சொல்லவில்லை.

ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். தின்று முடிக்கும்வரை அழுதார். பிறகு எழுந்து இரண்டு வழிகளையும் பார்த்தார். ஆற்றுப் பக்கம் தூரத்தில் மின்கம்பங்கள் தெரிந்தன. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கம்பி போகிற பக்கம் கடைசியில் வீடு இருக்கும் என்று அந்த வழியே ஓட்டினார்.

ஆற்றோர மண் ஈரமாக இருந்தது. டயரில் சேறு அப்பியது. இறங்கிக் குச்சியால் சுரண்டுவதும் மறுபடி ஏறுவதுமாகப் போனார். பேச்சு வரவில்லை. பேச எதிரே ஒன்றும் இல்லை. மூச்சு சத்தமும் சங்கிலி சத்தமும் மட்டும் கேட்டன.

பொழுது இறங்கும்போது ஊர் வந்துவிட்டது. தங்கும் வீட்டு வாசலில் வேறு சைக்கிள் இல்லை. மெய்யம்மை வந்திருக்கவில்லை.

தணிகாசலம் கைகால்கூடக் கழுவாமல் ரோட்டிலேயே நின்றார். மலை நிழல் ஊர்மேல் விழுந்தது. மாடுகள் வீடு திரும்பின. கடைசியில், வெளிச்சம் மங்கிய வேளையில், இடுப்புவரை சேறாக ஓர் உருவம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"அம்மா!" அவர் ஓடிப்போய்ச் சைக்கிளை வாங்கிக்கொண்டார். "முன்னாடி போனீங்களே, எங்க போனீங்க?"

"நான் எங்க முன்னாடி போனேன்? விடியக்காலையில பார்த்தா பின் சக்கரத்துல ஸ்போக்ஸ் கம்பி முறிஞ்சு கெடந்தது. ஊர்க்கோடியில ஒரு பட்டறையில குடுத்துச் சரிபண்ணிக்கிட்டு இருந்தேன். நீங்க போறதை அங்கேருந்து பார்த்தேன்."

"பார்த்தீங்களா? ஒரு குரல் குடுத்திருக்கலாமே!"

"நல்லா மிதிச்சுக்கிட்டுப் போனீங்க."

தணிகாசலம் சைக்கிளைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க போற தடம்னு நெனச்சு, யாரோ பால்காரம்மா போன தடத்தைப் பார்த்துக்கிட்டே பாதி தூரம் வந்தேன்மா. பாதி தூரமும் உங்ககூடப் பேசிக்கிட்டே வந்தேன்."

"சரி."

"அந்தம்மா வீட்டோட அது நின்னுபோச்சு. அதுக்கப்புறம் தடமே இல்லம்மா. ஆத்தங்கரை பூரா ஒண்ணுமே இல்ல."

மெய்யம்மை குனிந்து, டயரில் அப்பியிருந்த சேற்றை விரலால் வழித்து எறிந்தார்.

"இருந்துச்சே ஐயா. ரோடு பிரியிற எடத்துல எனக்கு வழி தெரியல. அதைப் பார்த்துத்தான் நான் வந்து சேர்ந்தேன்."