அறுக்கக் கூடாத கயிறு

சுற்றி வளைப்பானேன்? பேச்சியம்மாளுக்கு இப்போது இருப்பது ஒரே பிள்ளை, ஐந்து வயது இசக்கிமுத்து. மூத்தது காய்ச்சலில் போய்விட்டது. புதைக்கும் முன் அதன் அரைஞாண் கயிற்றை அறுத்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

இசக்கிமுத்துவுக்குக் குடலிறக்கம். அடிவயிற்றில் ஆபரேஷன். கத்தி படும் இடத்தை ஒட்டியே கறுப்பு அரைஞாண் கயிறு கிடந்தது. போன மாதம் கோயில் கொடைத் திருவிழாவில் கட்டியது. புதுசை முடிச்சுப் போட்ட பிறகுதான் பழசைக் கத்தரித்தாள்.

ஆஸ்பத்திரியில் கயிற்றை எடுக்கச் சொன்னதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "அறுக்கப்படாதுன்னா அறுக்கப்படாது. நாங்க வீட்டுக்குப் போறோம்." இறங்கிய குடல் இறுகிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதுவும் அவளுக்குத் தெரியும். வாசல்வரை போனவள் அங்கேயே நின்றாள்.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் நிலோஃபர், "கயித்துல கிருமி இருக்கும்மா. இப்ப அறுத்துடுவோம், முடிஞ்சதும் புதுசு கட்டிக்கோங்க" என்றார்.

"பாவம் டாக்டர், மேலே ஏத்திப் பிளாஸ்திரி போட்டு மறைச்சிருவோமே" என்றார் நர்ஸ் ஸ்டெல்லா.

"மறைச்சா கிருமி செத்துடுமா?" என்றார் நிலோஃபர்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கோகுல்நாத் குரலைத் தாழ்த்தினார். "தூங்க வச்சதும் எடுத்துடுவோம். அந்தம்மாவுக்கு எங்கே தெரியப்போகுது?"

"காது நல்லாக் கேக்குது சார்" என்றாள் பேச்சி.

"எம்மா, பசிக்கி" என்றான் காலையிலிருந்து வெறும் வயிற்றோடிருந்த இசக்கிமுத்து.

பிள்ளைக்கு ஆபரேஷன் நடக்க வேண்டும். தாயும் மனசோடு அனுப்ப வேண்டும். இந்த மூவரில் யார் சொன்னது சரி? கீழே பார்க்காமல் யோசியுங்கள். விடை மேலேயே கிடக்கிறது.

விடை: ஒருத்தரும் இல்லை. ஆளாளுக்கு வழி சொன்னார்களே தவிர, பேச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் ஸ்டெல்லா கேட்டார்: "கயிறு புதுசா இருக்கே, பழசை என்ன செஞ்சீங்க?" "இதைக் கட்டிட்டு அதை அறுத்தேன். பிள்ளையை வெறுமனே விடப்படாது, அம்புட்டுதான்." நிலோஃபர் சுத்தமான கட்டுத்துணியில் ஒரு நாடா கிழித்தார். "இடுப்புல வேண்டாம், கையில கட்டலாமா?" பேச்சி யோசித்தாள். "உடம்புல கிடந்தாச் சரி." "வலது கையில ஊசி போடணும், இடது கையில கட்டுங்க" என்றார் கோகுல்நாத். கட்டினாள். பிறகு கத்தரியை வாங்கி, இடுப்பில் கிடந்த பழசை அவளே அறுத்தாள்.

கண் விழித்ததும் இசக்கிமுத்து இடுப்பைத் தடவினான். "எம்மா, அரைஞாணைக் காணோம்!"

"கையைப் பாருலே" என்றாள் பேச்சி.