பிரம்பு பொறுக்கிய வாத்தியார்கள்

செங்காவூரை ஆண்ட வில்லவராயனுக்கு வெளியே எதிரிகள் இல்லை. உள்ளே ராணி இருந்தாள். "அடிக்கிற வாத்தியாரிடம் என் மகளை அனுப்ப மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். இளவரசிக்கு ஏழு வயது. இன்னும் 'அ' போடத் தெரியாது.

ஊரில் பன்னிரண்டு வாத்தியார்கள். யாருக்கு அடிப்பதில் ஆசை என்று அளந்துவர மந்திரி சிங்கராயரை அனுப்பினான் அரசன். அவர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "பிள்ளைகளை அடிப்பீரா?" என்று நேராகவே கேட்டார். பன்னிரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு, "சிவ சிவா!" என்றார்கள்.

"ஒருவர்கூட அடிப்பதில்லை அரசே" என்று மந்திரி வந்து நின்றார்.

"அப்படியானால் ஊர்ப் பிள்ளைகளின் உள்ளங்கை ஏன் வீங்கியிருக்கிறது?" என்று திரைக்குப் பின்னாலிருந்து ராணி கேட்டாள். மந்திரி விட்டத்தைப் பார்த்தார்.

சபை விகடகவி அம்பலவாணர் களுக்கென்று சிரித்துவிட்டார். அதுதான் வினை.

"சிரிக்கிறீரா? நாளைக்குள் நீர் அளந்து சொல்லும். தவறினால் உமக்குப் பன்னிரண்டு பிரம்படி!" என்றான் அரசன்.

அம்பலவாணருக்கு ஐம்பது வயது முதுகு, நாலு அடி தாங்காது.

மறுநாள் வாத்தியார்களை அழைத்து, சபை நடுவில் ஒரு கட்டுப் பிரம்பை அவிழ்த்துப் போட்டார். "அரண்மனை அன்பளிப்பு. மணலில் எழுத்தைச் சுட்டிக்காட்ட உதவும். பள்ளிக்கு ஒன்று, பார்த்து எடுங்கள்."

அவ்வளவுதான். ஒருவர் பிரம்பை வில்லாக வளைத்துப் பார்த்தார். ஒருவர் 'விஷ்' என்று காற்றில் வீசி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். இன்னொருவர் தன் தொடையிலேயே தட்டிப் பார்த்து, "உறைக்கவில்லையே, வேறு இருக்கிறதா?" என்றார். பதினொரு பேர் வீசிய வீச்சில் மாடத்துப் புறாக்கள் பறந்துபோயின. செவந்திலிங்க வாத்தியார் மட்டும் கைக்கு வந்த முதல் பிரம்பை எடுத்து, முதுகுப் பக்கம் விட்டு, கண்ணை மூடிச் சுகமாகச் சொறிந்துகொண்டார்.

"வாய் பொய் சொல்லும் அரசே. கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அடிக்கிறவர்கள் பதினொருவர். இளவரசிக்கு வாத்தியார், இதோ சொறிகிறவர்" என்றார் அம்பலவாணர்.

அரசன் துள்ளி எழுந்தான். "என்னிடமே பொய்யா? இவர்களை..." என்று ஒரு பிரம்பை உருவி, வளைத்து, 'விஷ் விஷ்' என்று இரண்டு வீசு வீசினான்.

அம்பலவாணர், கணக்கைக் குறித்துக்கொண்டிருந்த ஓலை எழுதுகிறவரிடம் திரும்பினார். "ஐயா, பதினொன்றை அழித்துப் பன்னிரண்டு என்று எழுதும்."

"பன்னிரண்டாமவர் எந்தப் பள்ளி?"

அம்பலவாணர் கண்ணால் சிம்மாசனத்தைக் காட்டினார்.

முதலில் சிரித்தது ராணிதான். அரசன் தன் கையைப் பார்த்தான், பிரம்பைப் பார்த்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்ன பரிசு வேண்டும், கேளும்!"

"அந்தப் பிரம்பையே கொடுங்கள் அரசே. நேற்றிலிருந்து பயத்தில் முதுகெல்லாம் அரிக்கிறது."