நனைந்தவருக்கு ஒரு கும்பிடு

இயக்குநர் சிவநேசன் எடுத்தது ஒரே ஒரு படம். ஊரே அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அதன் பிறகு வருடக்கணக்கில் அடுத்த கதையை எழுதுகிறார், கிழிக்கிறார், மறுபடி எழுதுகிறார். இன்று மாலைக்குள் அடுத்த படத்துக்குச் சம்மதம் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகத் தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். தலை நரைத்த பிறகும் பயம் பிடித்தால் குருவிடம்தானே ஓட வேண்டும்? ஓடினார்.

குரு மாசிலாமணி கோடம்பாக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதுதான் எடுக்கவில்லை? நூறு நாள் ஓடியதும் உண்டு, தியேட்டரில் ஈயாடியதும் உண்டு. படப்பிடிப்பின் கடைசி நாள் பூசணிக்காய் உடைத்த கையோடு, மறுநாளே அடுத்த படத்துக்குப் பூஜை போட்டுவிடுவார் மனிதர்.

இன்று மழைக் காட்சி. குழாய்த் தண்ணீர் கொட்டக் கொட்ட, வயதான நடிகர் வைரப்பன் சேற்றில் விழுந்து அழுதார். பாவம், உயிரைக் கொடுத்து நடித்தார். வசனம்தான் சவசவ என்றிருந்தது.

"கட்!" என்ற மாசிலாமணி விறுவிறுவென்று போய், தன் துண்டால் வைரப்பனின் தலையைத் துவட்டிவிட்டார்.

"ரொம்ப நன்றிண்ணே" என்று வைரப்பனைப் பார்த்துக் கைகூப்பினார். மழைக்குழாய் பிடித்த துரைக்கண்ணுவுக்கும் ஒரு கும்பிடு.

துரைக்கண்ணு சிவநேசனைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், நல்லாயிருக்கீங்களா? நம்ம அடுத்த படம் எப்போ சார்?"

சிவநேசன் எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டுக் குருவின் பக்கம் நகர்ந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். இந்த சீன் தேறாது."

"ஆமாம்ப்பா. எடுக்கும்போதே தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு அவரைக் கும்பிட்டீங்க?"

"சீன்தானே தேறலை? அவர் நனைஞ்சது நிஜம்."

சிவநேசன் துரைக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார். தன் படத்துக்காக உச்சிவெயிலில் டிராலி தள்ளியவர்கள், விளக்கைச் சுமந்து மலையேறியவர்கள், இதே துரைக்கண்ணு. எத்தனை நல்ல மனிதர்கள்! அவர்களைப் பார்த்தே எவ்வளவு காலமாயிற்று!

ஆனாலும் பயம் விடவில்லை.

"அடுத்த படம் கவுந்துட்டா, இருக்கிற பேரும் போயிடுமே சார்?"

மாசிலாமணி துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

"இத்தனை படம் எடுத்தும் எனக்கு இவங்களுக்கு நன்றி சொல்லித் தீரலை. உனக்கு ஒரே படத்துல தீர்ந்துடுச்சாப்பா?"