அறுபத்தொரு குறை

"அம்மிணி, இந்தத் துணி பாஸாகாது."

மாஸ்டர் இதைச் சொல்லாத நாள் கிடையாது.

மாஸ்டர் என்றால் யோகாசன மாஸ்டர் இல்லை. பரோட்டா மாஸ்டரும் இல்லை. பெயர் தெய்வசிகாமணி. பெரிய மில் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் செக்கிங் மாஸ்டர். கண்ணாடி மேஜைக்கு அடியில் ட்யூப் லைட் எரியும். மேலே துணி ஓடும். எங்கே முடிச்சு, எங்கே புள்ளி, எங்கே நூல் தடித்திருக்கிறது என்று பார்த்துச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மனுஷன் அதில் புலி. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட வாழையிலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் சோறு வாங்குவார்.

ரிட்டையர் ஆன மறுமாதம் மருமகள் முன்னால் போய் நின்றார்.

மருமகள் தமயந்தி. சென்னிமலைக்குப் பக்கத்தில் நாலு தறி, பூ அடிக்க ஓர் அச்சு மேஜை, துணி பார்க்க அடியில் விளக்கு வைத்த கண்ணாடி மேஜை ஒன்று, ஒரு குடோன். தறி எல்லாம் அவள் புருஷன் குணசீலன் பொறுப்பு. துணி எப்படி இருக்க வேண்டும், அதில் என்ன பூ விழ வேண்டும் என்பது அவள் பொறுப்பு.

பஞ்சு விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் இருந்து வரும். மருந்தடிக்காமல், யூரியா போடாமல், மழையை மட்டும் நம்பி விளைந்த கருங்கண்ணிப் பஞ்சு. இழை குட்டை. நூல் ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். விதைத்தோல் துணுக்குகள் பழுப்புப் புள்ளியாகத் துணியிலேயே தங்கிவிடும். தமயந்தி அதை வெளுக்க மாட்டாள். அப்படியே அச்சுப் போடுவாள்.

"எனக்கும் டிசைன் சொல்லிக் குடு அம்மிணி," என்றார் மாமனார்.

"உங்களுக்குங்களா மாமா?"

"ஏன், அறுபதுக்கு மேல கத்துக்கக் கூடாதா?"

"தாராளமா கத்துக்கலாமுங்க." ஒரு ரோல் துணியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "இதுல என்ன இருக்குதுன்னு பாருங்க."

ஒரு மணி நேரம் பார்த்தார். துணி முழுக்கச் சிவப்பு அம்பு.

"நாப்பத்தேழு," என்றார்.

"நாப்பத்தேழு என்னதுங்க மாமா?"

"குறை."

"நான் குறையைக் கேக்கலீங்களே. என்ன இருக்குதுன்னுதானுங்க கேட்டேன்."

மாஸ்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "முப்பத்தோரு வருஷமா இதைத்தாம்மா பாத்துட்டு இருந்தேன்."

"தெரியுமுங்க."

அவள் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்தாள். நாற்பத்தேழையும். துணியைத் தூக்கி அச்சு மேஜையில் விரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாளும் அவர் ஒட்டினார். அவள் உரித்தாள்.

ஒரு மாதம் இதே கூத்து. குணசீலன் இரண்டு பேருக்கும் நடுவில் வாயைத் திறக்கவில்லை. சிரித்தால் இரண்டு பக்கமும் திட்டு விழும் என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு நாள் மாஸ்டர் கேட்டார். "பூவை எங்க வெக்கறதுன்னு எப்படி முடிவு பண்றே?"

அவள் அச்சுக்கட்டையை அவர் கையில் கொடுத்தாள். "போடுங்க."

மாஸ்டர் ஸ்கேல் வைத்தார். நூல் பிடித்தார். பென்சிலால் கோடு போட்டார். அரை நாள் ஆயிற்று. பூக்கள் போலீஸ் அணிவகுப்பு மாதிரி நின்றன.

தமயந்தி வந்து பார்த்தாள். "ரொம்ப நேரா இருக்குதுங்க மாமா."

"நல்லா இருக்குதா?"

"நேரா இருக்குதுங்க."

அன்றைக்கு மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தப் பெண்ணுக்கு ஒரு பாடம் கற்பித்தே தீருவது என்று முடிவு செய்தார். அவளும் குணசீலனும் பஞ்சு விஷயமாக மூன்று நாள் விளாத்திகுளம் போன சமயம். ட்வீசரை எடுத்தார். மேஜை விளக்கைப் போட்டார். ஒரு ரோல் துணியில் இருந்த தடித்த நூலை எல்லாம் உருவினார். புள்ளியை எல்லாம் பொறுக்கினார். மில்லில் இதற்கு மெண்டிங் என்று பெயர். முதுகு விட்டுப்போனது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. விடவில்லை.

அவர்கள் திரும்பியதும் துணியை விரித்துக் காட்டினார். "பாரு. பாலாட்ட இருக்குது. இப்ப ஒரே ஒரு ஸ்டிக்கர் ஒட்டு பாக்கலாம்."

தமயந்தி துணியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அதைத் தொட்டித் தண்ணீரில் போட்டாள். அச்சுக்கு முன்னால் எந்தத் துணியையும் ஒரு ராத்திரி ஊறவைத்து வெயிலில் காயப்போடுவது அவள் வழக்கம்.

மறுநாள் மத்தியானம் கொடியில் காய்ந்த துணியில் வெயில் பொத்துக்கொண்டு தெரிந்தது. உருவின இடமெல்லாம் ஓட்டை.

மில் நூலில் தடிப்பை உருவினால் பக்கத்து இழை நிற்கும். இந்தக் குட்டை இழையில் ஒன்றைப் பிடுங்கினால் அடுத்ததும் பிடி விட்டுவிடும். மாஸ்டருக்கு அது தெரியாது. அவர் கை பழகியது மில் நூலில்.

தலையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"அளவு சொல்லுங்க மாமா," என்றாள் தமயந்தி.

"எதுக்கு?"

"சட்டைக்குங்க."

அந்தத் துணியிலேயே ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். மாஸ்டரும் லேசுப்பட்ட ஆளா? அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்.

"என்ன மாஸ்டர், சட்டையை எலி கடிச்சிருச்சா?"

"எலி இல்லை. நான்தான் கடிச்சேன்."

அதற்கப்புறம் அவர் ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்திவிட்டார். மேஜைமுன் சும்மா உட்கார்ந்து துணியைப் பார்ப்பார்.

"எனக்கு ஒண்ணும் பிடிபடலை அம்மிணி."

"சரிங்க மாமா."

"என்ன சரி?"

"பிடிபடலைன்னு சொன்னீங்கல்ல, அதுக்குங்க."

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அந்த வருஷம் வியாபாரம் படுத்தது. வழக்கமாக வாங்கும் இரண்டு கடைக்காரர்களும் இந்தத் தடவை வேண்டாம் என்றுவிட்டார்கள். அதே பூவை மில் துணியில் அடித்துப் பாதி விலைக்கு யாரோ கொடுக்கிறார்களாம். குடோனில் பஞ்சு கூரை வரைக்கும் ஏறி நின்றது. வேறு ஆர்டர் வராவிட்டால் அடுத்த மாதம் தறி நிற்கும். குணசீலன் பழையபடி மில்லுக்கே சூப்பர்வைசராகப் போய்விடலாமா என்று பேச ஆரம்பித்தான். தமயந்தி புதிதாகப் பூ வரைவதை நிறுத்தியிருந்தாள்.

மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. போனை எடுத்தார்.

தண்டபாணி என்று ஒருத்தன். பதினெட்டு வயதில் மில்லுக்கு வந்தவன். மாஸ்டர்தான் அவனைக் கண்ணாடி மேஜைமுன் நிற்கவைத்துத் தொழில் சொல்லிக் கொடுத்தார். இப்போது பெங்களூரில் பெரிய கம்பெனி ஒன்றில் குவாலிட்டி ஆபீசர்.

"உங்க கம்பெனிக்கு ஆர்கானிக் துணி வேணுமாடா?"

"நீங்க சொல்லி வேண்டாம்பனுங்களா மாஸ்டர்?"

அடுத்த வாரமே காரில் வந்து இறங்கினான். மாஸ்டர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எருக்கம்பூ அச்சைப் பார்த்ததும் அசந்துபோனான். வெல்லத் தண்ணீரில் துருப்பிடித்த இரும்பை ஊறவைத்து எடுத்த கருப்பு அது. குடோனில் இருக்கும் பஞ்சு அத்தனைக்கும் ஆர்டர் தருவதாகச் சொன்னான். ஆர்டர் பாரமும் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"செக்கிங் ஒண்ணுதான் பாக்கி மாஸ்டர். சும்மா சம்பிரதாயத்துக்கு."

பையைத் திறந்து சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்தான்.

நூறு மீட்டர் துணி ஓடியது. மாஸ்டர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவன் கை போகும் இடமெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்த இடம். சமயத்தில் அவர் விரலும் தானாகவே முன்னால் நீண்டது. பின்னால் இழுத்துக்கொண்டார்.

தண்டபாணி நிமிர்ந்தபோது முகம் சுருங்கியிருந்தது.

"நாப்பத்திரண்டுங்க மாஸ்டர். பாரத்துல பத்துக்கு மேல போகக் கூடாது."



அவன் குரலைத் தணித்தான். "ஒரு வழி இருக்குதுங்க. பாதிக்குப் பாதி மில் நூலைக் கலந்துருங்க. ஒரு தடவை பிளீச்சிங்ல போட்டு எடுங்க. தடிப்பும் இருக்காது, புள்ளியும் இருக்காது. லேபிள் இதே ஆர்கானிக் லேபிளா இருக்கட்டும். யாரு பிரிச்சுப் பாக்கப் போறாங்க? நான் பாஸ் பண்ணி விட்டுர்றேன்."

குணசீலன் தறியை வெறித்துக்கொண்டு நின்றான்.

மாஸ்டர் நேரே அச்சு மேஜைக்குப் போனார். தமயந்தி அச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

"என்ன பண்றது அம்மிணி?"

"என்னையக் கேக்கறீங்களா மாமா?"

"வேற யாரைக் கேக்கறது? நீதான எனக்குச் சொல்லித் தர்றவ."

"கம்பெனியைக் கூட்டிட்டு வந்தது நீங்க. செக்கிங் பண்றது நீங்க பழக்கின ஆளு. தறியை விட்டுப் போறேன்னு நிக்கறது உங்க பையன். கையெழுத்தையும் நீங்களே போட்டுருங்க."

"என்னன்னு போடறது?"

"துணியைப் பாத்துட்டுப் போடுங்க."

அச்சுக்கட்டையை அடுத்த இடத்தில் வைத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

"எனக்குப் பயமா இருக்குது," என்றார் மாஸ்டர்.

"எனக்குந்தானுங்க மாமா."

மறுபடி அச்சுக்கட்டையைச் சாயத்தில் தோய்த்தாள். மாஸ்டருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் மேலா, தண்டபாணி மேலா, தன் மேலா என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே மேஜைக்குத் திரும்பினார்.

"லைட்டைப் போடு."

"நான்தான் பாத்துட்டனுங்களே மாஸ்டர்."

"போடுன்னா போடு."

துணியை முதலில் இருந்து ஓட்டினார். தண்டபாணி ஒட்டிய அம்புகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. மூன்றாவது மீட்டரில் நிறுத்தினார். குனிந்தார்.

ஓர் எருக்கம்பூவுக்கு அடியில் ஒரு நூல் தடித்துக் கிடந்தது. கருப்புச் சாயத்தில் மறைந்து, சட்டென்று தெரியவில்லை. மாஸ்டர் அதன் மேல் விரலை வைத்தார். இரண்டு விரற்கடை தூரம் தடிப்பாக வந்து மெல்ல இளைத்து, பக்கத்து நூலைப் பிடித்துக்கொண்டு போனது. முப்பத்தோரு வருஷத்தில் இந்த மாதிரி இடங்களில் அவர் விரல் வைத்ததெல்லாம் பிடுங்குவதற்குத்தான். இன்றைக்கு வைத்த விரலை எடுக்க மனசு வரவில்லை.



"மாஸ்டர்?" என்றான் தண்டபாணி.

"ஸ்டிக்கரைக் குடு."

கொடுத்தான். மாஸ்டர் அந்த இடத்தில் ஒன்றை ஒட்டினார்.

"இங்க ஒண்ணு விட்டுட்டே."

தண்டபாணிக்கு ஒன்றும் புரியவில்லை. துணி ஓடியது. நின்றது.

"இங்க ஒண்ணு."

ஓடியது. நின்றது.

"புள்ளி. பூவோட காம்புக்குப் பக்கத்துல. கண்ணு எங்கடா போச்சு உனக்கு?"

"மாஸ்டர், இது உங்க துணிங்க."

"தெரியும். அதான் ஒண்ணு விடாமப் பாக்கறேன். இப்படி அரைகுறையா பாக்கவா உனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

குணசீலன் ஓடிவந்தான். "அப்பா, என்ன பண்றீங்க? கெடுத்துராதீங்க."

"வேலை பாக்கறேன். தள்ளி நில்லு."

அச்சு மேஜையில் கட்டைச் சத்தம் நின்றிருந்தது.

நூறாவது மீட்டர் வந்தது. மாஸ்டர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை?"

"நீங்க ஒட்டினது பத்தொம்பதுங்க. மொத்தம் அறுபத்தொண்ணு." தண்டபாணி ஸ்டிக்கர் அட்டையைக் கீழே வைத்தான்.

"நீ சொன்னயே, மில் நூல் கலந்து வெளுக்கறது. அப்படிச் செஞ்சா எத்தனை இருக்கும்?"

தண்டபாணிக்கு உயிர் வந்தது. மாஸ்டர் வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தான்.

"ஒண்ணுகூட இருக்காதுங்க."

"ஒண்ணுகூட?"

"சத்தியமாங்க மாஸ்டர். மருந்துக்குக்கூட இருக்காது."

"பாரத்தைக் கொண்டா."

பாரத்தை மேஜை மேல் வைத்தான். பேனாவையும் அவனே திறந்து கொடுத்தான்.

நடுவில் ஒரு வரி இருந்தது. நூறு மீட்டரில் குறைகள்: அதிகபட்சம் பத்து.

மாஸ்டர் அதைக் குறுக்கே அடித்தார். மேலே எழுதினார். நிதானமாக, மில் ரிஜிஸ்டரில் எழுதுவது போல அழுத்தி எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். தண்டபாணியிடம் நீட்டினார்.

அவன் படித்தான். குறைந்தபட்சம் அறுபத்தொன்று.

"என்னங்க மாஸ்டர் இது?"

"அதுக்கு ஒண்ணு கொறைஞ்சாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிரு. அது எங்க துணி இல்லை."

"கம்பெனியில சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"இதை எவனுங்க மாஸ்டர் ஒத்துக்குவான்?"

"ஒத்துக்கறவன் வரட்டும். அதுவரைக்கும் பஞ்சு கெட்டுப் போகாது."